காகிதம் சுற்றிய மூன்று படகுகள்

மார்ச் 3, திங்கள்

படகுகள் வந்துவிட்டன! மூன்று பட்டறைகளிலிருந்து மூன்று ஒற்றையாள் பந்தயப் படகுகள். ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கிளப் திருப்பி அனுப்பிவிடும். எது என்று சொல்ல வேண்டியது நான். ஏனென்றால் நாட்டு அணிக்கான தேர்வுப் போட்டியில் அதை ஓட்டப்போவதும் நான். கிளப்பில் என்னோடு போட்டிபோடும் நெட்டைக்குத்தான் சொந்தப் படகு இருக்கிறதே, அவள் அப்பா புண்ணியத்தில்.

வெள்ளை, பேர்பெற்ற கம்பெனியுடையது. உலகப் போட்டிகளில் ஜெயிக்கிறவர்களில் பாதிப் பேர் உட்காருவது இதில்தான். நெட்டையுடையதும் அதே கம்பெனி. சிவப்பு, கொஞ்சம் பேர் உள்ள பட்டறை. சாம்பல் யார் கட்டியது என்று கிளப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டியவளே வண்டியில் கொண்டுவந்திருந்தாள். இறக்கும்போது, பிள்ளைத்தாய்ச்சியைப் படியிறக்குகிற மாதிரி, "மெதுவா, மெதுவா" என்று பதறினாள்.

கோச் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "வெள்ளைன்னு சொல்லிட்டு வேலையைப் பாரு. இதுல என்ன பட்டிமன்றம்?"

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளையில் ஏறினேன். ஐயோ, என்ன அழகு.

மார்ச் 6, வியாழன்

மூன்றையும் ஓட்டியாகிவிட்டது. சிவப்பு தலைக்கனம் பிடித்தது. எதிர்க்காற்று வந்தால் மூக்கைத் தண்ணீரில் நுழைக்கிறது. சாம்பலில் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது, துடுப்பு தொடையைத் தட்டுகிறது, கரைக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெள்ளைதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒன்றுதான் உறுத்துகிறது. கடிகாரத்தில் வெள்ளைக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடிகாரத்துக்கு என்ன தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

கோச் இன்று தனியாகக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "டீம்ல ஒரே ஒரு இடம். இந்தத் தடவையும் நீ ரெண்டாவதுன்னா, உன் காலைப் பயிற்சி நேரத்தை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்மா. வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

முப்பத்தாறு ஒரு வயசா? தொடர்ந்து நான்கு வருஷம் நெட்டைக்கு அடுத்து நான். ரெண்டாவது, ரெண்டாவது, ரெண்டாவது — போதும்டி, விட்டுடு என்கிறது ஒரு மனசு. ஏன் விடணும்? நான் ஏன் விடணும்?

வகுப்பில் இன்று காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கடைக்கு விடுமுறை என்பதால் இவரும் ஆற்றுக்கு வந்தார். கரையில் உட்கார்ந்து மூன்றையும் நான் ஓட்டுவதைப் பார்த்தார். படகைப் பற்றி இவருக்கு ஒரு எழவும் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"சாம்பல்ல மட்டும் ஏன் தவளை மாதிரி உக்காந்திருக்கே?"

"கால் பலகை கிட்ட இருக்கு. வந்தபடியே ஓட்டறேன்."

"வெள்ளைலயும் வந்தபடியேதானா?"

"அதுல எனக்குத் தகுந்த மாதிரி சரிபண்ணிக்கிட்டேன்."

"அப்போ நீ படகை ஒப்பிடலைம்மா. சரிபண்ணினதையும் சரிபண்ணாததையும் ஒப்பிட்டிருக்கே. மூக்குக்குப் பொருத்தாம ஒரு பிரேமைக் குடுத்து, நல்லா இருக்கான்னு நான் கேட்டா சும்மா விடுவியா?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நான் வேதியியல் டீச்சர்! ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவள். வெள்ளைக்கு மட்டும் ஸ்பேனரோடு ஒரு காலை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் மாற்றாந்தாய் உபசாரம். கோபத்தில் வீடு வரும்வரை இவரோடு பேசவில்லை. சரியானதைச் சொல்கிற புருஷனை விட எரிச்சலூட்டும் ஜந்து உண்டா?

சாப்பிடும்போது நானே வாயைத் திறந்தேன். "மூணையும் ஒரே அளவுக்கு வெச்சுட்டு மறுபடி ஓட்டறேன்."

"வெள்ளையைப் பாத்ததும் உருகிடுவியே. விலையை ஒட்டி வெச்சா எந்தக் கண்ணுக்கும் விலை ஜாஸ்தியான லென்ஸ்தான் பளிச்சுனு தெரியும். எது எதுன்னு தெரியாம ஓட்டு."

மார்ச் 12, புதன்

பள்ளிக்கு அரைநாள் விடுப்பு. கால் பலகை, துடுப்பு மாட்டும் கொக்கியின் உயரம், இருக்கை ஓடும் தூரம், மூன்றிலும் ஒரே அளவு. தண்ணீருக்கு மேலே தெரிகிற இடத்தையெல்லாம் இவர் பழுப்புக் காகிதத்தால் மூடி ஒட்டினார். வரிசையையும் இவரே குலுக்கிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் என் கண்ணைக் கட்டி, கையைப் பிடித்து உட்காரவைத்து, தள்ளிவிட்ட பிறகுதான் அவிழ்க்க அனுமதி.

நெட்டை வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். "என்ன டீச்சர், படகுக்கெல்லாம் அட்டை போட்டிருக்கீங்க? லேபிளும் ஒட்டிடுங்க!"

முதல் படகு சுமார். இரண்டாவதில் நாலு இழுப்பு இழுத்ததுமே உடம்பு சிலிர்த்துவிட்டது. துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த இழுப்புக்கு முன்னே நகர்கிறேன் இல்லையா, அந்த இடைவெளியில் எந்தப் படகும் கொஞ்சம் சோர்ந்துபோகும். இது சோரவில்லை. எனக்கு அடியில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பக்கக் காற்றுக்கும் அசையவில்லை. மூன்றாவதை ஓட்டும்போதும் மனசு இரண்டாவதிலேயே இருந்தது.

கரைக்கு வந்ததும் கத்தினேன். "ரெண்டாவதுதான் வெள்ளை! கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்!"

இவர் காகிதத்தைக் கிழித்தார். சாம்பல்.

நெட்டை சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். கோச் சிரிக்கவில்லை. வெள்ளைக்குள் குனிந்து, எந்த எடைக்குக் கட்டியது என்று ஒட்டியிருந்த சீட்டை முதல்முறையாகப் படித்தார். என்னைவிட நன்றாகக் கனமான ஆளுக்குக் கட்டிய படகு. என் எடைக்கு அது தண்ணீரில் சரியாக அமிழவே அமிழாது. மேலே மிதந்துகொண்டு காற்றுக்கெல்லாம் முகம் கொடுக்கும். சாம்பல் என் எடைக்கே கட்டியது. பேரைப் பார்த்தோம், உலகப் போட்டிக்காரர்கள் ஓட்டுவதைப் பார்த்தோம், சீட்டை ஒருவரும் பார்க்கவில்லை!

மார்ச் 13, வியாழன்

கோச் இன்னும் இறங்கிவரவில்லை. "வெள்ளைல தோத்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பேர் தெரியாத படகுல தோத்தா ஊரே சிரிக்கும்."

"தோக்கறதுக்கு எதுக்கு சார் படகு?"

என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே ஆச்சரியம். சாம்பல் தங்கிவிட்டது.

மார்ச் 22, சனி

நாளை. தேர்வுப் போட்டி. இவர் என்ன சொன்னாலும் முறைக்கிறேன். பாவம்.

மார்ச் 23, ஞாயிறு

ஜெயிச்சுட்டேன்.

ஜெயிச்சுட்டேன் ஜெயிச்சுட்டேன் ஜெயிச்சுட்டேன்!

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும். பாதித் தூரம் வரை நெட்டை முன்னால். பிறகு பாலத்தைத் தாண்டியதும் பக்கக் காற்று. அவள் படகு தடுமாறும் சத்தம் கேட்டது. நான் நீட்டி நீட்டி இழுத்தேன். சாம்பல் ஓடியது, ஓடியது.

எங்கள் பந்தயத்தில் எல்லோரும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவோம். முந்திப் போகிறவளுக்குத்தான் மற்றவர்கள் கண்ணில் படுவார்கள், அதுவும் முதுகுதான் தெரியும். நான்கு வருஷமாக நெட்டை என் முதுகைப் பார்த்தாள். இன்று அவள் முதுகை நான் பார்த்தேன். அகலமான, நல்ல முதுகு. கோடு தாண்டும்வரை கண்ணை எடுக்கவில்லை.

கரையில் அவளே வந்து கட்டிக்கொண்டாள். "பாவி, என்னை இப்படி ஓடவெச்சுட்டியேடி" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். கோச் என் தோளைத் தட்டப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார். இவருக்குக் கத்திக் கத்திக் குரலே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

பள்ளியில் தலைமையாசிரியையைப் பார்த்து விடுப்பு கேட்டேன். நாட்டு அணி, வெளியூர்ப் போட்டி என்று சொன்னேன். எழுந்து கைகொடுத்தார். பிறகு பொறுப்பு நினைவுக்கு வந்துவிட்டது. என் வகுப்புகளை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தபடி கேட்டார்.

"முதல் சுத்துலயே தோத்துட்டா சீக்கிரம் வந்துடுவீங்க இல்ல?"

"ஃபைனல் வரைக்கும் ஆள் போட்டுக்கோங்க, மேடம்."

போட்டுக்கொண்டார்.