கொடிக்கயிற்றுப் போர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம், கீழ் வீட்டில் உன் சித்தியும் நலம், என் நிலைமை கடிதத்தின் கடைசியில் உனக்கே தெரிந்துவிடும். அந்த இருமல் விட்டதா என்று முதலில் எழுது.

போன மாதம் அம்மா மொட்டைமாடியில் காயப்போட்ட போர்வை, நடுக்கம்பத்தைத் தாண்டிச் சித்தி பக்கத்துக் கொடிக்கயிற்றில் ஒரு முழம் போய்விட்டது. சித்தி அதை எடுத்து மடித்து எங்கள் படியில் வைத்துவிட்டாள். அதோடு அக்காளுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது. நடுவில் சேதி கொண்டுபோக நான்தான் ஆள். பத்திரிகையில் இருந்த பழக்கம், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சேர்த்தேன். இப்பவாவது போர்வை மடிக்கக் கத்துக்கிட்டாளே என்று அம்மா சொன்னதைக் கீழே சொன்னேன். அத்தான், அந்தக் கந்தலைக் காயப்போட வேற செய்யணுமான்னு கேளுங்க என்று சித்தி சொன்னதை மேலே வந்து சொன்னேன். இவ்வளவு துல்லியமாகச் சொல்லியும் சண்டை ஏன் பெரிதாகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் அம்மா நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஓர் உலக வரலாற்றை எடுத்துவந்து, காய் நறுக்கும்போதெல்லாம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அவ்வளவு பெரிய சாம்ராஜ்யமெல்லாம் ஏங்க விழுந்துச்சு என்றாள். எல்லை நீண்டால் காவல் காக்க முடியாது என்றேன். மறுநாள் போர்வை கம்பத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையா சண்டை போட்டவங்களுக்கு எதுக்குன்னாவது ஞாபகம் இருந்திருக்குமா என்றாள். தூது வந்தவனை ராஜாக்கள் ஏன் உயிரோட விட்டாங்க என்று அவள் கேட்டபோது கையில் கத்தி இருந்தது. அது எல்லா நாட்டுக்கும் பொதுவான மரியாதை என்று கொஞ்சம் அவசரமாகவே சொன்னேன். கடைசியில் ஒருநாள், ஜென்மப் பகையா இருந்த ரெண்டு நாடு எப்படிங்க ஒண்ணு சேர்ந்துச்சு என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. தங்கையோடு பேசாமல் அவளுக்குச் சோறே இறங்கவில்லை என்று எனக்கும் தெரியும், அதனால் உள்ளதைச் சொன்னேன், பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாக ஓர் எதிரி கிடைத்தபோதுதான். அம்மா கத்தியை வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நேராகக் கீழே போனாள்.

நேற்று மாலை மாடிக்குப் போனால், இரண்டு வீட்டுத் துணியும் ஒரே கயிற்றில் கலந்து காய்கிறது, நிழலில் இருவரும் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ சொன்னதை அப்படியே வந்து ஒப்பிச்சாருக்கா என்கிறாள் சித்தி. எங்கிட்டயும் அதே வேலைதான்டி, குரல்கூட உன்னை மாதிரியே என்கிறாள் அம்மா. சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. எனக்குத் தேநீர் எங்கே என்றேன். இருங்க அத்தான், இரு தரப்பையும் கேட்டுட்டு முடிவு சொல்றோம் என்றாள் உன் சித்தி.

இன்னும் முடிவு வரவில்லை. தோற்ற நாட்டுக்கு எப்போது தேநீர் கிடைத்தது என்று அங்கே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுது. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. மறந்துவிடாதே, சால்வை அனுப்பினால் இருவருக்கும் ஒரே நிறத்தில் அனுப்பு, இல்லாவிட்டால் பாக்கியிருக்கிற சமாதானமும் போய்விடும்.

வறண்ட தொண்டையோடு,
உன் அப்பா