அடுப்போரத்து வாளி

அன்புள்ள மனைவிக்கு,

நீயும் மகளும் நலமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், உதடு மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

போன வாரம் எங்கள் சமையல்கூடத்தில் பயிற்சி வீடியோ ஒன்று போட்டார்கள். "எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று அதில் ஒரு கேள்வி. முந்திரிக்கொட்டையாக நான்தான், "தண்ணி ஊத்தணும்!" என்று கத்தினேன். அடுத்த நொடி, ஒரு குவளைத் தண்ணீர் பட்டதும் தீ கூரை வரை வெடித்தெழுவதைக் காட்டினார்கள். திறந்த வாயை என்னால் மூட முடியவில்லை.

நேற்று நிஜமாகவே வாணலி பற்றிக்கொண்டது. அந்த வீடியோவைப் பார்க்காத தலைமைச் சமையல்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் பாய்ந்து வாளியை எட்டி உதைத்தேன். "பைத்தியமாய்யா உனக்கு!" என்று மூஞ்சியில் ஒரு குத்து விட்டார். நானும் அவரைச் சுவரில் முகம் மோதும்படி தள்ளிவிட்டு, அடுப்பை அணைத்து, வாணலியை மூடியால் மூடினேன். தீ அடங்கியது. பிறகு அவருக்கு வீடியோவைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு, "இத மொதல்லயே காட்டியிருந்தா என் பல்லு தப்பிச்சிருக்குமே" என்றார்.

கிளம்பும்போது, தீப்பிடித்தால் ஊற்றச் சொல்லி நம் அடுப்போரம் நான் பெருமையாக வைத்துவிட்டு வந்தேனே தண்ணீர் வாளி, அதை இப்போதே எடுத்துவிடு. "அப்பா சொன்னாரு" என்று மகள் அதைத்தான் தூக்குவாள். அந்த இடத்தில் ஒரு பெரிய மூடி வை. வைத்ததும் படமெடுத்து அனுப்பு. நீங்கள் இருவரும் பக்கத்தில் நில்லுங்கள். அடுப்பை மட்டும் படமெடுத்து அனுப்பினால் எனக்கு அடையாளம் தெரியாது.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் முந்திரிக்கொட்டை