எட்டாவது இலை

மாவ்பி, ரங்கூன் பக்கம்,
பூகம்பம் வந்த வருஷம், ஆடி பிறந்த அன்று.

அன்புள்ள மகன் பாலசந்தருக்கும் மருமகள் சித்ராதேவிக்கும் அப்பா நல்லையா சொல்லி எழுதுவது. நான் உயிரும் உடம்புமாக இருக்கிறேன், நீங்களும் கிள்ளானில் அப்படியே இருக்க முனீஸ்வரனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். எழுதுவது எதிர்வீட்டு மஞ்சுளா, கோயில் வகுப்பில் தமிழ் கற்றவள், நான் மூச்சு விடாமல் சொல்கிறேனாம், "தாத்தா, எங்க புள்ளி வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்கிறாள், எனக்கு எழுத்தும் தெரியாது புள்ளியும் தெரியாது, அவள் வைத்த இடத்தில் நின்று படித்துக்கொள். பூகம்பத்தில் நமக்குப் பெரிய சேதமில்லை, பின்சுவரில் ஒரு கீறல், அதில் மழை இறங்குகிறது. கரண்டு வந்தால் உண்டு. முட்டிவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, அறுந்தது தெரியாமல் நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். அமீர் அலி நாளைக்குக் கோலாலம்பூர் விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அமாவாசைக்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

நீ போன வாரம் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஆடி அமாவாசைக்கு நம் கணேஷ்குமாருக்கு இலை போட்டு மோட்ச விளக்கு ஏற்றப்போகிறேன், பூசாரியிடம் சொல்லியாகிவிட்டது என்றாய். நீ பெற்றவன், உன்னோடு நான் சண்டை போட முடியாது. ஆனால் கைக்குழந்தையாக நீங்கள் விட்டுப்போனதிலிருந்து, கட்டாயப் பட்டாளத்துக்குச் சீட்டு விழுந்து லாரியில் ஏறிய நாள் வரைக்கும் அவனுக்குச் சோறு போட்டவன் நான். அந்த உரிமையில் கேட்கிறேன். பட்டாளத்து ஆபீசுக்கு ஏறி இறங்குகிறேன், செத்தவர் பேரிலும் அவன் இல்லை, இருப்பவர் பேரிலும் இல்லை, "அபா, பெரியவரே, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள், அடுத்த வாரமும் அதே பேச்சு. ஒரே லாரியில் போன மாஹிர் ஒரு காலைச் சண்டையில் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான், அவன் சொன்னதைத்தான் நீ நம்புகிறாய். நான் ரங்கூன் லத்தாவில் அவன் வீட்டு மாடிப்படி ஏறிப்போய்க் கேட்டேன். "மேலேருந்து குண்டு விழுந்துச்சு தாத்தா, அந்தப் பள்ளத்துல இருந்தவங்க யாருமே மிஞ்சல" என்றான். நீ கணேஷ் முகத்தைப் பார்த்தாயா என்றேன். "பொகையத்தான் பாத்தேன், யாருமே மிஞ்சலன்னு மத்தவங்க சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாவம், அவனை என்ன கேட்பது. ஆனால் பாலா, யாருமே மிஞ்சவில்லை என்ற பேச்சை நம் வீடு முன்னால் ஒருமுறை நம்பியிருக்கிறது.

அந்த ஏழு வெள்ளைக்காரர் இலையை நீ அறிவாய், அவித்த முட்டைக்காக அடுப்படியில் காத்துக்கிடந்தவன்தானே. அது எப்படி வந்து எங்கே போய் முடிந்தது என்று நான் முழுக்கச் சொன்னதில்லை. என் பெரியப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில்ரோட்டு வேலைக்குப் பிடித்துப்போன மறுவருஷம், துணி கிடைக்காமல் பெண்கள் சாக்கைக் கட்டிக்கொண்ட வருஷம், நான் என் அம்மா ராமாயி வயிற்றில். தை மாதம், ரங்கூன் ரயில் யார்டுக்குக் குண்டு போட வந்த நாலு எஞ்சின் விமானம் ஒன்று இங்கே அறுவடையான வயலில் விழுந்து எரிந்தது. ஜப்பான்காரன் இரும்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான், கரியாய்க் கிடந்தவர்களை எடுக்க ஆளில்லை, நாய் வர ஆரம்பித்ததாம். எது யாருடைய கை, யாருடைய கால் என்று பிரிக்க முடியாது. இதில் ஏழு பேர் வருவார்கள், யாருமே மிஞ்சவில்லை என்று கூலிக்கார மேஸ்திரி சொன்னார், நம் ஆட்கள் ஏழு குழி வெட்டினார்கள். பிள்ளை இல்லாமல் போனவர்களுக்கு யாராவது பிள்ளையாக நிற்கவேண்டும் என்று வீட்டுக்கு ஒருவரை ஏற்றுக்கொண்டார்கள். பேர் தெரியாததால் என் அப்பா நம்மவருக்கு வெள்ளைச்சாமி என்று பேர் வைத்தார். செத்தவர் ஆசைப்பட்டுத் தின்றதைப் படைக்கவேண்டும், வெள்ளைச்சாமியின் ஆசையை யாரிடம் போய்க் கேட்பது, ஒரு முட்டை, ஒரு டீ, ஒரு சுருட்டு என்று அப்பாவே முடிவு செய்தார். சண்டை முடிந்து துரைமார் வந்து எலும்பையெல்லாம் தோண்டிப் பெரிய கல்லறைக்குக் கொண்டுபோனார்கள், இலை மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது. பிறகு கடைகண்ணியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம் ஆட்களைக் கப்பலேற்றிய வருஷம் மற்ற ஆறு வீட்டுக்காரரும் இந்தியா போனார்கள். போகும்போது எங்கள் ஆளையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஏழு இலை. உன் அம்மா வாக்கப்பட்டு வந்ததிலிருந்து ஏசாத வருஷமில்லை, "பெத்த புள்ளைக்கு அரை முட்டை, பேர் தெரியாத தொரைக்கு முழு முட்டையா, நல்லாருக்கு ஒங்க நியாயம்" என்பாள், ஆனால் ஏழையும் அவள்தான் அவிப்பாள்.

நீ மலேசியா போன மறுவருஷம், ஊரெல்லாம் வெள்ளையடித்து வெளிநாட்டுக்காரரை வாருங்கள் என்று கூப்பிட்ட வருஷம், தை அமாவாசையன்று ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் தடியூன்றி வந்தார். விமானம் விழுந்த மாதம் என்று பார்த்துத்தான் வந்திருக்கிறார். பேர் ஆர்தர். கூட வந்த வழிகாட்டி கோ அவுங் பர்மியத்தில் எடுத்துச் சொன்னார், அந்த விமானத்தின் வாலில் உட்கார்ந்து துப்பாக்கி சுட்டவர் இவர் என்று. அவரும் பில் என்கிற ரேடியோக்காரரும் முன்னாலேயே குதித்து, காட்டில் பிடிபட்டு, ரங்கூன் ஜெயிலில் கிடந்து ஊர் திரும்பியிருக்கிறார்கள். செத்தது ஐந்து பேர்தான். விமானம் ஓட்டிய ரெஜி கல்யாணமான புதிதாம், அவர் பெண்சாதி பிறகு வேறு கல்யாணமே செய்துகொள்ளவில்லையாம். பில் ஊரில் பஸ் ஓட்டிக் குடித்துக் குடித்துப் போய்ச்சேர்ந்தாராம். ஆர்தர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாராம். கோ அவுங் இதைச் சொல்லி முடிக்கவும் என் அம்மா "அய்யோ, உசுரோட இருக்கிறவனுக்கா இத்தன வருசம் படைச்சேன்" என்று கன்னத்தில் அடித்துக்கொண்டாள். அவருக்குத் திருநீறு பூசி, ஆரத்தி சுற்றி, அப்புறமும் மனது ஆறாமல் காலைத் தொடப்போனாள். அவர் பிடித்துத் தூக்கிவிட்டு, கோ அவுங் மூலம் இலைக் கதையைத் தெரிந்துகொண்டு, வெள்ளைச்சாமி இலை எது என்று கேட்டு, அதன் முன்னால் சிரமப்பட்டு உட்கார்ந்து முட்டையைத் தின்று, சுருட்டையும் பற்றவைத்து இருமினார். உன் அம்மா, "அத்தே, ஆளு தேறிட்டாரு, இனி ஒரு முட்டை மிச்சம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

நான் சொல்ல வந்தது அது அல்ல. போகும்போது ஆர்தர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். மகனைக் காணவில்லை என்றுதான் அவர் வீட்டுக்குத் தகவல் போயிருக்கிறது. அவர் அப்பா காத்திருக்க மாட்டாமல் பூசை செய்து, கோயில் சுவரில் பேரும் செதுக்கச் சொல்லிவிட்டார். மகன் ஜெயிலில் இருந்து போய் வாசலில் நிற்கிறார். "அதுக்கப்புறம் அவர் சாகிற வரைக்கும் ஒரே மேசையில சாப்பிட்டோம், ஒரு நாளும் அவர் என் முகத்தைப் பார்க்கல" என்று சொன்னார். கோபமில்லையாம், வெட்கமாம். இதைக் கேட்டு நான் அவருக்கு இன்னொரு டீ ஊற்றினேன்.

பாலா, ஏழு பேரில் ஐந்து பேர் செத்தவர்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும். சயாமுக்குப் போன பெரியப்பா வரவே இல்லை, பெரியம்மா பொட்டும் பூவுமாக வாசலைப் பார்த்தே கிழவியாகிச் செத்தாள். அதையும் பார்த்தவன்தான் சொல்கிறேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதில் என்னால் அவனைத் தேடிப் போகவும் முடியாது, ஆபீசுக்கு மேலே யாரிடமும் போய்க் கேட்கவும் பயம், இலை போடாமல் இருப்பது ஒன்றுதான் என்னால் ஆவது. ஆகையால் நீ பொறு. நான் இருக்கிறவரைக்கும் பொறு, நான் போன பிறகு எனக்குப் போடும் இலையோடு உனக்குத் தோன்றியதைச் செய். அவன் செத்திருந்தால் நாம் போடும் இலைக்குக் காத்திருப்பான், என் பேரன் பசி பொறுப்பான். இருந்தால், திரும்பி வருகிறவன் முகத்தை நீ நிமிர்ந்து பார்க்கவேண்டும்.

டெல்டாவைப் புயல் அழித்த வருஷம் ஆர்தரும் போய்விட்டார் என்று அவர் மகள் எழுதியிருந்தாள், அதற்குப் பிறகுதான் அவருக்கு மறுபடி இலை போட்டேன். இந்த அமாவாசைக்கும் துரைமாருக்கு ஏழு இலை, நம் குடும்பத்தில் போனவர்களுக்கு எப்போதும் போல் தனியாக. சண்டையில் போனவன் என்று எட்டாவதாகத் துரைமார் பக்கத்தில் ஒரு இலை போடச் சொல்லி யார் சொன்னாலும் போடமாட்டேன். சித்ராதேவியை வேளைக்குச் சாப்பிடச் சொல், அழுதால் அழ விடு. பிரஷர் மாத்திரையை நிறுத்தாதே. பூசாரியிடம் போய் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு, மறக்காதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் முனீஸ்வரன் காவலிருக்கட்டும், என் ஆசீர்வாதம்.

கடைசி வரியில் வீட்டில் இருப்பவர்கள் பேரை எல்லாம் எழுதுவது நம் வழக்கம். என் அம்மா போனதும் அவள் பேர் நின்றுபோனது, உன் அம்மா போனதும் சொர்ணம்மாள் பேரும் நின்றுபோனது. இப்போது யார் பேரை எழுத என்று மஞ்சுளா கேட்கிறாள். போன கடிதத்தில் இருந்ததையே எழுது என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா நல்லையா (கைநாட்டு),
உன் மகன் கணேஷ்குமார்.