மேசைமேல் நீச்சல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, நானும் அப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, என்னைக் குறை சொல்வதுதான் நிற்கவில்லை. எனக்கு நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் இந்த ஆபீஸ் செய்த வேலை.

போன வாரம் நீ போனில், ஊரே நோயில கிடக்கு, ஜனங்க வயித்துக்கே திண்டாடுறாங்க, ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அரசாங்கம் எதுக்கும்மா காசு குடுக்கணும் என்று கேட்டாய், நானும் ஆமாம் போட்டேன். கலைஞர்களுக்கும் விளையாட்டுக்காரர்களுக்கும் நிவாரணம் என்று அறிவித்ததிலிருந்து எங்கள் பிரிவில் மனு குவிகிறது. போலி ஆட்கள் நுழைந்துவிடுவார்களாம், அதனால் ஒவ்வொருவரும் நேரில் வந்து தொழிலைச் செய்து காட்ட வேண்டும் என்று எங்கள் அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கும்போதே டீயை உறிஞ்சிக்கொண்டு போதும் போதும் என்று கையாட்டுகிறார். வந்தவர்களுக்குப் பிச்சை வேண்டாம், நாயைப் பிடி என்று ஓடத்தான் தோன்றும். செவ்வாய்க்கிழமை வந்தவர் யார் தெரியுமா, உனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்த மாஸ்டர். நீச்சல் குளத்தைப் பூட்டித் தண்ணீரை வடித்து எட்டு மாதம், அன்றோடு அவர் சம்பளமும் போச்சு, வீட்டில் மூன்று பிள்ளைகள். தண்ணி இல்லாம எப்படி சார் காட்டுறது என்று கேட்டார். இந்த மகராசன் கொஞ்சமும் கூசாமல், மேசைமேல படுத்துக் காட்டுங்க என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தார்டி அந்த மனுஷன். கையை வீசினார், காலை உதைத்தார், முறை தப்பாமல் தலையைத் திருப்பி மூச்சு வாங்கினார். அறையே சிரித்தது. இறங்கி வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு என்னிடம், பாப்பா இன்னும் நீந்துதாம்மா என்று உன்னைத்தான் விசாரித்தார். அவர் வாசல் தாண்டியதும், தண்ணீரில் காட்டவில்லை என்று எழுதி மனுவைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார் அதிகாரி. சீ, இதுவும் ஒரு பிழைப்பா. முடியாதென்றால் முதலிலேயே முடியாதென்று சொல்லியிருக்கலாமே. வயிறு முதலில் என்றாய், சரிதான், அவருக்கும் வயிறு இருக்கிறதே கண்ணு.

மனு நான்கு நாளாக என் மேசையில்தான் கிடக்கிறது. செய்து காட்டினார், நான் கண்ணால் பார்த்தேன் என்று திங்கட்கிழமை எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று அப்பா கத்துகிறார், கத்தட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு வீண் வாய் கொடுக்காதே, இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் மாஸ்டருக்கு ஒரு போன் போடு. உன்னிடம் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. அன்றைக்கு அறையில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. மூச்சு வாங்க என் பக்கம் தலையைத் திருப்பினபோது அவர் பார்த்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா