புலி அதை ஏன் ஆடும்?

இன்று காலை வகுப்பில் சாக்பீஸ் டப்பாவைத் திறந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஜன்னலோரம் இருந்த டப்பாவில் மழைச்சாரல் இறங்கியிருந்தது. நனைந்த சாக்பீஸுக்கென்று ஒரு வாடை உண்டு, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. அந்த வாடையோடு நம் கல்லூரி ஆய்வகத்தின் சிமெண்ட் தரையும், அதில் குந்திக்கொண்டு நீ கோடு கிழித்ததும், உன் துப்பட்டா முனையெல்லாம் வெள்ளையானதும் சேர்ந்து வந்தன. பாடமும் அதே பாடம்தான். கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்கான ஆல்ஃபா-பீட்டா முறையை நடத்த வேண்டிய நாள். பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, நான் ஈர சாக்பீஸோடு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

சிரிக்காதே. எர்ணாவூரைத் தாண்டி ஒரு கல்லூரியில், நீ எனக்குப் புரியவைத்ததையே வைத்து நான் பிழைப்பு நடத்துகிறேன். சிரிப்பாகத்தான் இருக்கும்.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு எல்லாரும் நூலகம், சம்பளப் பட்டியல் என்று பழைய சரக்கையே எடுத்தார்கள். ஆடு புலி ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போடலாம் என்றவள் நீ. திருவொற்றியூர் குப்பத்தில், கடலுக்குப் போகாத நாட்களில் உன் நைனாவும் அவர் கூட்டாளிகளும் மணலில் கோடு போட்டு ஆடுவார்களாம். நான் ராயபுரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், கேரம் தவிர வேறு ஆட்டம் தெரியாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்தால் ஆடு காலி. ஆடுகள் சுற்றி வளைத்துக்கொண்டால் புலி மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆட்டை மிஷின் ஆடட்டும், புலியை நாம் ஆடுவோம் என்றாய். புலியாக இருக்க யாருக்குத்தான் ஆசை இல்லை.

ப்ரோக்ராம் எழுதி ஓட்டினால், மிஷின் ஓர் ஆட்டை நகர்த்துவதற்குள் நமக்கு வயதாகிவிடும். இப்படி நகர்ந்தால் புலி என்ன செய்யும், அதற்கு ஆடு என்ன செய்யும், மறுபடி புலி என்ன செய்யும் என்று கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டு போய், எல்லாக் கிளையையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கும். நாம் கேண்டீன் போய் டீ குடித்து, சமோசா தின்று, பக்கத்து மேஜைக்காரிகளோடு வம்பளந்துவிட்டு வந்தாலும் அது யோசித்துக்கொண்டே இருக்கும். “இது ஆடு இல்ல மாமு, எரும” என்பாய். நம் பக்கத்தில் பையன்கள்தான் ஒருவரையொருவர் மாமு என்று கூப்பிடுவார்கள். நீ என்னை அப்படியே கூப்பிட்டாய், கடைசி வரை.

வழிகாட்டி சார் எட்டிப் பார்த்து, “ஆல்ஃபா-பீட்டா போடுங்கம்மா, வேகமா போகும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. புத்தகத்தைப் பிரித்தால் கிரேக்க எழுத்தும் அம்புக்குறியும். நான் வரி வரியாக நெட்டுருப் போட்டேன். எனக்கு நெட்டுரு வரும், அர்த்தம் வராது. உனக்கு அர்த்தம் ஆகாதது வாயிலேயே நுழையாது. இரண்டு நாள் அந்தப் பக்கத்தை முறைத்துக்கொண்டே இருந்தாய்.

அப்புறம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மிஷின் அணைந்தது. நீ சாக்பீஸைத் தண்ணீர் பாட்டிலில் முக்கி, தரையில் அழுத்திக் கோடு கிழித்தாய், அழியாமல் இருக்குமென்று. வேர்க்கடலைத் தோல் ஆடு, பாட்டில் மூடி புலி.

“மாமு, இங்க பாரு. ஆட்டுக்கு இப்ப ரெண்டு வழி கீது. மொத வழிய முழுசா பாத்துட்டோம். புலி இன்னா ஆட்டம் ஆடுனாலும் ஒரு ஆட்டுக்கு மேல போவாது. சரியா?”

“சரி.”

“அத்த கைல வெச்சிக்க. இப்ப ரெண்டாவது வழி. அங்க புலிக்கு நாலஞ்சு ஆட்டம் கீது. மொத ஆட்டத்த பாக்குறோம், ரெண்டு ஆடு பூட்ச்சு. இப்ப இன்னா பண்ணுவ?”

“புலியோட மத்த ஆட்டத்தையும் பாப்பேன்.”

“இன்னாத்துக்கு?”

“அதுல ஒண்ணு நமக்கு நல்லதா இருக்கலாமில்ல?”

நீ பாட்டில் மூடியை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினாய். “இருக்கட்டுமே. புலி அத்த ஏன் ஆடும்?”

எனக்கு அந்த இடத்தில் புரிந்துவிட்டது. நமக்கு நல்லதாக இருக்கும் ஆட்டத்தைப் புலி ஒருநாளும் ஆடாது. இருப்பதிலேயே நமக்கு ஆகாததைத்தான் தேடி ஆடும். ஆக, இரண்டாவது வழியில் போனால் குறைந்தது இரண்டு ஆடு போவது உறுதி. மூன்றா, நான்கா என்பது நமக்கு வேண்டாத கணக்கு. ஒன்றோடு முடிகிற வழிதான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே. அந்தக் கையிருப்புக்குப் பெயர் ஆல்ஃபா. புலியும் தன் பங்குக்கு ஒரு கையிருப்பு வைத்துக்கொண்டு, தனக்கு ஆகாத கிளைகளை இதே மாதிரி பாதியில் விடும், அது பீட்டா. நறுக்கிய கிளைக்குள் என்ன இருந்தது என்று கடைசி வரை தெரியாது. தெரியாததால் முடிவு மாறவும் மாறாது.

கரண்ட் வந்ததும் எழுதி ஓட்டினோம். எழுந்து நிற்பதற்குள் ஆடு நகர்ந்துவிட்டது. உனக்குச் சந்தேகம். பழைய ப்ரோக்ராமைப் பக்கத்து மிஷினில் ஓட்டி, அதே நிலையைக் கொடுத்துப் பார்த்தோம். எருமை ஆற அமர யோசித்து, அதே ஆட்டைத்தான் அதே இடத்துக்கு நகர்த்தியது. நீ ஆய்வகத்திலேயே ஒரு குத்தாட்டம் போட்டாய், அட்டெண்டர் வந்து திட்டினார். நல்ல நகர்வை முதலில் பார்த்துவிட்டால் மற்றவற்றை இன்னும் சீக்கிரம் நறுக்கலாம் என்று பிறகு கண்டுபிடித்தது நான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், எல்லாப் பெருமையையும் நீயே கொண்டுபோகக் கூடாது.

அன்றிலிருந்து உனக்கு ஒரு வியாதி பிடித்தது. எதற்கும் “நறுக்கு”. தண்டையார்பேட்டை வழியாகப் போகலாமா என்றால், “ட்ராபிக்ல மாட்னா ட்ரெய்னு பூடும், நறுக்கு.” அந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும் என்றால், “எங்க நைனா கூட்டாளி எவனாச்சும் அங்க குந்தினு இருப்பான், நறுக்கு.” முதல் வில்லங்கம் கண்ணில் பட்டதும் கதவைச் சாத்திவிடுவாய். மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நீ முடிவெடுத்திருப்பாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பெங்களூர் வேலை வந்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக உறுத்தியது. எண்ணூரில் ஒரு கம்பெனி ஆபீஸிலும் உனக்கு வேலை கிடைத்திருந்தது. உனக்கு ஆசை பெங்களூர் மேல். ஆனால் நைனாவிடம் கேட்கவே மாட்டேன் என்றாய். கடலரிப்புக்குக் கொட்டிய கற்கள் மேல் உட்கார்ந்து, அலை காலில் தெறிக்க, எனக்கே பாடம் எடுத்தாய்.

“எண்ணூர் வேல கைல கீது மாமு. பெங்களூருன்னு வாயத் தொறந்தா, ‘நீ ஒண்ணியும் கிழிக்க வேணாம், வூட்லயே கெட’ன்னு நைனா சொல்லிச்சுன்னா? இதுவும் பூடும். நறுக்கு.”

“வேற எதாவது சொல்லலாமில்லடி?”

“சொல்லலாம். ஆனா இது ஒண்ணு போதுமே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்க நைனா இன்னா புலியாடி? உன்னத் தோக்கடிக்கவா எதிர்ல குந்தினுகீறாரு?” என்று கத்தினேன். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன்னோடு பேசி நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

நீ நைனாவிடம் கேட்டாய். நானும் வாசலில் நின்றிருந்தேன். அம்மா இல்லாத பெண்ணை ஒண்டியாய் வளர்த்த மனுஷன், கையிலிருந்த வலையை ஓரமாக வைத்தார். பிறகு, “அந்தூர்ல மீனு நல்லா கெடைக்குமாமா?” என்றார். கிடைக்கும் என்றாய். “பொய் சொல்லாத. கடல் இல்லாத ஊர்ல இன்னா மீனு. சரி, போய்ட்டு வா. மாசம் ஒருவாட்டி வந்து துன்னுட்டுப் போ” என்றார். நீ யோசித்து வைத்திருந்த எந்தக் கிளையிலும் இந்தப் பதில் இல்லை.

அதற்கப்புறம் நீ திருந்திவிட்டாய் என்றே நினைத்திருந்தேன்.

நீ பெங்களூரிலேயே தங்கிவிட்டாய், நான் இங்கே பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மாரடித்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக இழுத்த ஆய்வேடு ஒருவழியாக முடிகிற நேரம். நீ வாரா வாரம் பேசுவாய். வீடியோவில் வாடி என்றால் நெட்டு சரியில்லை என்பாய். நைனா எங்கே என்றால், “சொம்மா ஊர் சுத்திப் பாக்க இங்க வந்துகீது” என்பாய். குரலில் ஒரு சோர்வு தெரியாது. “ஆய்வேட்ட முடிச்சியா இல்லியா? மொத அத்த முடி மாமு” என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தாய். நான் முடித்தேன். வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் உறுதியான மறுவாரம் நைனா போன் செய்தார். உன் ரத்தத்தில் நோய் வந்து மாதக்கணக்காகியிருந்தது என்பதும், நீ போய்விட்டாய் என்பதும் எனக்கு ஒரே போனில் தெரிந்தன.

காரியமெல்லாம் முடிந்த பிறகு குப்பத்து வீட்டில் நைனா சொன்னார். “நாந்தாம்மா உனுக்கு சொல்லலாம்னேன். ‘வேணாம் நைனா, சொன்னா அவ படிப்ப வுட்டுட்டு ஓடியாந்து இங்க குந்திக்குவா. அப்பறம் அது முடியவே முடியாது’ன்னு சொல்லிட்சு.”

பழைய கணக்குதான். என் படிப்பு முடிவது உன் கையிருப்பு. என்னிடம் சொன்னால் நான் செய்யக்கூடியதில் முதலில் தெரிந்தது ஒன்றே ஒன்று, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவது. அதைப் பார்த்ததுமே நறுக்கிவிட்டாய். எனக்கு உன் மேல் கோபம், இன்றைக்கும் கோபம்தான். நைனாவுக்காக அன்றைக்குக் கத்தினேனே, அது எனக்கும் சேர்த்துத்தான் என்று உன் காதில் ஏறவில்லையா?

ஓடித்தான் வந்திருப்பேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லேப்டாப்போடு வந்திருப்பேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டியிருப்பேன். என் நான்காம் அத்தியாயத்தை உரக்கப் படித்து உன் உயிரை வாங்கியிருப்பேன், நீ தப்பு கண்டுபிடித்திருப்பாய். அழுதிருப்பேன், நீ திட்டியிருப்பாய். நைனாவுக்கு ஒரு வேளையாவது நல்ல குழம்பு வைத்துப் போட்டிருப்பேன். ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப் போயிருக்கலாம், போகட்டுமே. இத்தனையும் அந்தக் கிளையில் இருந்தது. நீ பார்க்கவில்லை.

இன்று வகுப்பில் மரம் வரைந்து, நறுக்கியதற்கு அடையாளமாக ஒரு கிளையின் குறுக்கே இரண்டு கோடு போட்டேன். முதல் பெஞ்சில் ஒரு பெண், வியாசர்பாடியிலிருந்து வருகிறாள், எழுந்து நின்றாள். “மிஸ், அதுக்குள்ள நல்லது எதுனா இருந்தா?” அதற்கு உன் பதிலைத்தான் வருஷா வருஷம் சொல்கிறேன், சரியான பதிலும் அதுதான். சொல்லிவிட்டு, பாடத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்வது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. எதிரில் இருப்பவர் உன்னைத் தோற்கடிக்க உட்கார்ந்திருந்தால் மட்டும்தான் இந்தக் கணக்கு செல்லும், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதே என்று. அவர்கள் மிஸ் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

என்னிடம் நீ விட்டுப்போனது இதுதான். ‘அவர் ஒத்துக்க மாட்டார்’ என்று எனக்குள் ஒரு குரல் எழும்போதெல்லாம் போய்க் கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் மாட்டேன் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும், அதையும் அவர்கள் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நைனா போன் செய்தார். “எம்மா, கண்ணுல பொர உழுந்துகீதாம். ஆபரேசன் பண்ணணும்னு சொல்றாங்கோ. எனக்கு ஒண்டியா போக பயமா கீது. நீ கூட வர்றியா?” என்றார். கூடவே, “லீவு கெடைக்கலன்னா சொல்லு, பரவால்ல. நானா ஒண்ணு நெனிச்சிகினு உங்கிட்ட கேக்காம மட்டும் இருக்க மாட்டேன்” என்றார்.

நாளைக் காலையில் போகிறோம். லீவு சொல்லிவிட்டேன். அவர் கேட்டார், நான் வருகிறேன் என்றேன், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நீ கேட்டிருந்தாலும் அவ்வளவு நேரம்தான்டி ஆகியிருக்கும்.