அன்று குரைத்தது வாஷர் இல்லை

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
திங்கட்கிழமை, மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள மகள் காவியாவுக்கு,

அப்பா முனிராஜ் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கோச்சிங் ஹாஸ்டல் போனில் கிடைக்கும் ஐந்து நிமிஷத்தில், உன் பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில், சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. நேற்றுகூடச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். வாய் வரவில்லை. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்பு உன் அம்மாவுக்கு. அதற்கே இன்னும் பதில் வரவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் நாய்க்குட்டி வாஷருக்கு உடம்பு சரியில்லை. உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பிழைக்குமா என்று டாக்டரம்மாவே இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. காரணம் நான்தான்.

நீ கிளம்பியபோது அதன் கழுத்துப் புண் ஆறிக்கொண்டிருந்தது. அத்திப்பள்ளிக்கு வீடு மாற்றிப் போன புண்ணியவான்கள் கட்டுக்கம்பியால் கேட்டில் கட்டி, அப்படியே விட்டுப்போன குட்டி அது. கம்பி சதைக்குள் இறங்கியிருந்தது. நீ என் கட்டிங் பிளேயரை எடுத்துப்போய் வெட்டிவிட்ட நாளோடு பார்த்தால் எவ்வளவோ தேறியிருந்தது. கழுத்தைச் சுற்றி, போல்ட்டுக்கு அடியில் போடும் வளையம் மாதிரி வட்டமாக முடி போயிருந்ததால் நான் வாஷர் என்று பெயர் வைத்தேன், நீ கோபித்துக்கொண்டாய். ஆனாலும் அந்தப் பெயருக்குத்தான் அது திரும்பிப் பார்த்தது. முதல் ஞாயிறு நான் சொன்னதெல்லாம் உண்மை. கஞ்சி குடித்தது, அம்மாவின் செருப்பைக் கடித்தது, எல்லாம் உண்மை.

அடுத்த வாரம் முதுகில் சொறி பரவியது. நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன சீட்டில் ‘எதுவானாலும் டாக்டரிடம் போங்கள்’ என்று இரண்டு கோடு போட்டிருந்தாய். அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்டு, லீவும் கிடைக்கவில்லை. எங்கள் மெஷின் ஷாப்பில் வேலை செய்யும் கங்கப்பனிடம் கேட்டேன். தொரப்பள்ளியில் மாடு, நாய் எல்லாம் வைத்திருப்பவர். “இதுக்கெல்லாமா டாக்டருகிட்ட ஓடுவாங்க? கருப்பு ஆயில ரெண்டு தபா பூசி உடுப்பா, சொறி இருந்த எடம் தெரியாம ஓடிப்பூடும்” என்றார். நானும் சின்ன வயதில் ஊரில் பார்த்ததுதான். இருபது வருஷமாக ஆயிலில் கையை நனைத்தே சோறு தின்கிறவன், அது கெடுதல் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வியாழக்கிழமை மெஷினில் இருந்து வடித்த வேஸ்ட் ஆயிலை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, முதுகு, வயிறு எல்லாம் பூசினேன். நல்ல காரியம் செய்கிற திருப்தியோடு பூசினேன்.

நாய் தன் உடம்பை நக்கும் என்பதை யோசிக்கவில்லையே காவியா. மறுநாள் வாந்தி. சனிக்கிழமை வாஷரால் நிற்கவே முடியவில்லை. ஞாயிறு நீ போன் செய்து, “ஒரே ஒரு தடவ குரைக்க வைங்கப்பா” என்று கேட்டாய். அது சாக்கின்மேல் கண்ணைத் திறக்காமல் கிடந்தது. நான் போனோடு சுவர் ஓரம் ஓடி, பக்கத்து வீட்டுத் திம்மராயனின் நாயைச் சீண்டினேன். அது குரைத்தது. நீ சிரித்தாய். “குரல் எவ்ளோ கனமாயிடுச்சு!” என்றாய். அன்று குரைத்தது வாஷர் இல்லை, மகளே.

மறுநாள், போன திங்கட்கிழமை, லீவு போட்டுவிட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் அனுப்ரியா, உன்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும், என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். “இது என்னங்க, உங்க மெஷினா? ஆயில் போட்டா நல்லா ஓடும்னு நெனச்சிட்டீங்களா?” என்று கேட்டார். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு முறை கழுவினோம். நான்காவது முறையும் தண்ணீர் கருப்பாகத்தான் வந்தது. ஈரல் பாதித்திருக்கிறதாம். தினமும் காலையில் அம்மா மடியில் வைத்துக்கொள்ள, பைக்கில் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றி வருகிறோம். ரோஜாத் தோட்டத்து வேலையை அவள் அரை நாளாக்கிக்கொண்டாள். “எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சுக் குடுத்திருப்பாரா இந்த மனுஷன்?” என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டாள்.

இன்று காலை அம்மா ஊட்டியதில் இரண்டு கரண்டிக் கஞ்சி உள்ளே போனது. அதற்கு மேல் பெரிதாகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. தானாகச் சாப்பிட்டால்தான் நம்பலாமாம். நான் பக்கத்தில் போனால் மட்டும் நடுங்குகிறது. ஆயில் வாசனையோ என்னவோ. மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் போகிறேன், அப்போதும் நடுங்குகிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். இந்த வருஷம் டாக்டர் படிப்புக்கான பரீட்சை ரிசல்ட் வந்தபின் பதினோரு நாள் நீ கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். நானும் அம்மாவும் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் அந்தக் குட்டியின் முனகலைக் கேட்டுத்தான் வெளியே வந்தாய். இப்போது அதற்கு ஒன்று ஆகிவிட்டால் உனக்கு என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துத்தான் மறைத்தேன். “படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எழுதாதீங்க, மனசு ஒடஞ்சி பூடுவா” என்று அம்மா தடுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் நேற்று போனை வைத்த பிறகு ஒன்று உறைத்தது. வாஷர் எப்படி என்று நீ கேட்டதும் “நல்லா இருக்கும்மா, தூங்குது” என்றேன். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டதும் “நல்லா இருக்கேன்ப்பா” என்றாய். இரண்டு பேரும் ஒரே மாதிரி அவசரமாகச் சொன்னோம். பொய் சொல்கிறவனுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும் காவியா.

மார்க் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை மட்டும் உள்ளபடி எழுது. முடியவில்லை என்றால், வரும் ஞாயிறு பின்னால் யார் நின்றாலும் கவலைப்படாமல் ‘முடியலப்பா’ என்று ஒரு வார்த்தை சொல். காரணம் கேட்க மாட்டேன். ஷிப்டை யாரிடமாவது தள்ளிவிட்டு அன்றைக்கே பைக்கில் வந்து நிற்பேன். நீ டாக்டர் ஆனாலும் ஆகாவிட்டாலும் எங்களுக்கு நீ வேண்டும். மலைக்கோயில் சாமி உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா
முனிராஜ்