இருபத்தொன்பது கீறல்கள்

சங்குமேட்டுக் குப்பம்,
திருவொற்றியூர்.
18-8-1953

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மீன் கூடையை இறக்கி வைக்கச் சொன்னால் என்னைத்தான் முறைக்கிறாள்.

ஆடிக் கூழ் ஊற்றி முடித்தாயிற்று. வழக்கம்போல முதல் செம்பு, ஊர்த்தலைவர் என்ற மரியாதைக்கு, நாட்டார் கோதண்டம் மாமா வீட்டுக்குப் போனது. கரிக்கிடங்கு கட்ட வந்த வெள்ளைக்காரர்களின் அளவைக் கற்களை அவருடைய தாத்தா பிடுங்கிக் கடலில் வீசிக் குப்பத்தைக் காப்பாற்றிய கதையை மாமா இந்த வருஷமும் சொன்னார். கற்கள் பன்னிரண்டாகிவிட்டன. போன வருஷம் ஏழுதான். உனக்கு மாமனார் ஆகப்போகிறவர் என்பதால் சிரிக்காமல் இருந்தேன்.

மாமா வீட்டிலிருந்து அஞ்சலைதான் கூழ் வாங்க வந்தாள். தை பதினொன்று என்று தேதி குறித்ததிலிருந்து என்னிடம்கூட வெட்கப்படுகிறாள். விசாகப்பட்டினத்தில் நீ இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் குழாய் உண்டா என்று மட்டும் கேட்டாள். அதற்கு நீயே பதில் எழுது.

என் சேதி. ஆனர்ஸ் இரண்டாம் வருஷத்தில் ஒவ்வொருவரும் பழைய தஸ்தாவேஜுகளைப் பார்த்துச் சொந்தமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் கவர்னர்களையும் கோட்டையையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் நம் குப்பத்தை எடுத்துக்கொண்டேன். பின் பெஞ்சில் யாரோ மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். தலைப்பை இரண்டாம் முறை உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழும்பூர் ரிக்கார்டு ஆபீசில் உட்கார்ந்து படிக்க அனுமதி வந்துவிட்டது.

உன் தங்கை,
நீலா


விசாகப்பட்டினம்,
2-9-1953

அன்புத் தங்கை நீலாவுக்கு,

கப்பல் பட்டறையில் வேலை கடுமை. உடம்புக்கு ஒன்றுமில்லை. குழாய் இருக்கிறது, காலையில் மட்டும் வரும் என்று அஞ்சலையிடம் சொல்.

நம்ம குப்பத்துக்கு இன்னா சரித்திரம் கீது என்று இங்கே இருக்கிற நம் ஊர்ப் பசங்கள் சிரிக்கிறார்கள். டீச்சர் டிரெயினிங் போ என்று சொன்னேன், நீ கேட்கவில்லை. போகட்டும். இப்போது ஒரு நல்ல காரியம் செய். நாட்டார் தாத்தாவைப் பற்றி எழுது. அது இங்கிலீஷில் வந்தால் மாமாவுக்குப் பெருமை, உனக்கும் மார்க்கு. கல்யாணத்தன்று பந்தலில் படித்துக் காட்டச் சொல்கிறேன்.

அம்மாவுக்குத் தைலம் வாங்கிக் கொடு.

அண்ணன்,
குமாரவேல்


சங்குமேட்டுக் குப்பம்,
20-10-1953

அன்புள்ள அண்ணாவுக்கு,

எட்டு நாள் தூசியைத் தின்றபிறகு நம் குப்பத்தின் பெயரைப் பார்த்தேன். 1891-ஆம் வருஷத்துக் கட்டு. அதில் இரண்டு காகிதங்கள்.

முதல் காகிதம், கரிக்கிடங்குக்காகக் குப்பத்தைக் காலி செய்துகொண்டு ஒரு மைல் வடக்கே போகச் சம்மதம் என்கிறது. அதன் கீழே கீறல் போட்டிருப்பவர் கோதண்டம் மாமாவின் தாத்தா. எழுதத் தெரியாதவர்கள் பேனாவை வாங்கி ஒரு கோடு இழுப்பார்கள், பக்கத்தில் குமாஸ்தா பெயரை எழுதுவார். அதுதான் கீறல்.

இரண்டாவது காகிதம் பதினெட்டு நாள் கழித்துக் கலெக்டருக்குப் போன மனு. நாங்கள் போகமாட்டோம் என்கிறது. அதில் இருபத்தொன்பது கீறல்கள். அத்தனையும் பெண்களுடையவை. முதல் பெயர் ‘மீன் விற்கும் பச்சையம்மா.’ ஒருத்தியின் கீறல் தூண்டில் முள்ளைப் போல வளைந்திருக்கிறது. ஆண்கள் கடலில் இருந்ததால் பெண்கள் நடந்தே வந்து கொடுத்தார்கள் என்று ஓரத்தில் ஒரு துரை எழுதியிருக்கிறார். அந்த மனுவின் பேரில்தான் கிடங்கு வேறு இடத்துக்குப் போயிற்று. கற்களைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். செதில் சீவுவதை அவள் நிறுத்தவே இல்லை. “ஆம்பளைங்க கடலுக்குப் போயிட்டா கரைய யாரு பாத்துப்பாங்க? இத்த தெரிஞ்சிக்க எட்டு நாளு ரயிலேறிப் போனியா?” என்றாள்.

உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். உனக்கு முதலில் தெரியவேண்டும் என்று சொல்கிறேன்.

நீலா


விசாகப்பட்டினம்,
3-11-1953

நீலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு வேலையில் கை ஓடவில்லை. இது மாமா காதுக்குப் போனால் கல்யாணம் நிற்கும். அஞ்சலை என்ன பாவம் செய்தாள்? நான் என்ன செய்தேன்? செத்து அறுபது வருஷம் ஆனவரை இழுத்து வந்து தெருவில் நிறுத்துவதற்குப் பெயர் படிப்பா?

ஒன்று கேட்கிறேன். நாட்டார் வீட்டைக் கீழே இறக்குகிறாயே, அந்தக் காகிதங்களில் நம் வீட்டு ஆள் எங்கே இருந்தார்? அதையும் பார்த்தாயா, இல்லை மற்றவர் வீட்டை மட்டும்தான் பார்த்தாயா?

எழுதி வைத்ததைக் கிழித்துப் போடு. வேண்டுமானால் ஒரு கவர்னரைப் பற்றி எழுது. பிடிவாதம் பிடித்தால் தை பதினொன்றாம் தேதி நீ மணவறைப் பக்கம் வரவேண்டாம். நாத்தனார் முடிச்சைச் சித்தப்பா மகள் போடட்டும். எனக்குத் தங்கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

குமாரவேல்


சங்குமேட்டுக் குப்பம்,
12-12-1953

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ தங்கை இல்லை என்று எழுதினாலும் எனக்கு அண்ணன் நீதான். அதனால் மேலே ‘அன்புள்ள அண்ணாவுக்கு’ என்று எழுதுவதை மாற்றவில்லை.

கட்டுரையைச் செவ்வாய்க்கிழமை கொடுத்துவிட்டேன். அதிலிருந்து ஒரு பெயரையும் நீக்கவில்லை.

கொடுப்பதற்கு முந்தின ஞாயிறு கோதண்டம் மாமா வீட்டுக்கு வந்தார். சேதி அம்மா வழியாக மீன் மார்க்கெட்டுக்குப் போய் அங்கிருந்து அவருக்குப் போயிருக்கிறது. அவர் கத்தவில்லை. துண்டை மடியில் போட்டு உட்கார்ந்தார். “தாலி ஏறட்டும், அப்பால எழுது” என்றார். முடியாது என்றேன். கல்யாணம் முடிந்தால் வளைகாப்பு வரும், பிறகு பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், அந்தப் பிள்ளை வளர்ந்து முதல் செம்பை வாங்கும். நான் எந்த ஆடிவரை காத்திருப்பது?

பிறகு அவர் கேட்டார்: “எங்க தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்னா காயிதம்னு சொல்லி வெள்ளக்காரன் கீறச் சொன்னானோ, யாருக்குத் தெரியும்? அத்தயும் எழுதுவியா?”

நியாயமான கேள்வி. அவர் எதிரிலேயே ஏட்டைத் திறந்து எழுதிக்கொண்டேன். கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில் அது இருக்கிறது.

இனி உன் கேள்வி. அதைப் பார்க்காமலா இருப்பேன்? இருபத்தொன்பது பெயரிலும் நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் இல்லை. நான்கு முறை தேடினேன். நம் வீட்டு ஆள் முதல் காகிதத்தில்தான் இருக்கிறார். நாட்டார் கீறலுக்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், அய்யாக்கண்ணு. அப்பாவின் தாத்தா. அவர் பெயரைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே போட்டேன். உனக்கு அக்டோபரில் இதை எழுதாமல் விட்டது என் தப்பு. எனக்கே வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம்.

இதை மாமாவிடமும் சொன்னேன். அவர் அம்மா பக்கம் திரும்பி, “இன்னா பவுனம்மா, ரெண்டு வூட்டாளும் ஒரே காயிதத்துல கீறி வெச்சிக்கீறாங்க. சம்பந்தம் அப்பவே ஆயிட்ச்சி” என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தேதியை மாற்றவும் இல்லை. போகும்போது அடுத்த ஆடியில் முதல் செம்பு யாருக்கு என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவரை மறுபடியும் கேட்பேன்.

நேற்று மார்க்கெட்டிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் அம்மாவோடு வந்தார்கள். கூடையை இறக்காமலே வாசலில் நின்று, எங்க வூட்டுப் பேரு அதுல கீதா என்று கேட்டார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். பச்சையம்மா பெயரைக் கேட்டதும் ஒரு கிழவி, “எங்க அம்மாவுக்கு அம்மா” என்று கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். தூண்டில் முள் கீறல் யாருடையது என்பதற்கு இரண்டு வீட்டுக்குள் சண்டை நடக்கிறது. இதற்குப் பெயர் படிப்பா என்று கேட்டாயே, ஆமாம், இதற்குத்தான்.

நீ வரும் ரயிலுக்கு நான் வரமாட்டேன். உனக்கு இன்னும் கோபம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் தை பதினொன்று காலையில் மணவறையில் அஞ்சலைக்குப் பின்னால் நான் நிற்பேன். நீ ஒரு முடிச்சுப் போடு, மற்ற இரண்டும் என்னுடையவை. என்னைப் போடவிடாமல் தடுத்தால் அதையும் தேதி போட்டு எழுதி வைப்பேன்.

உன் தங்கை,
நீலா